சொல்லி முடிக்கட்டும்

(நூற்றாண்டு விழாவின் இரண்டாம் நாள், பழைய மாணவிகளும் பெற்றோரும் உயர்தர வகுப்பு மாணவிகளும் கலந்துகொண்ட அமர்வில் ஆற்றிய உரை. மலருக்காகச் சற்றுச் சுருக்கப்பட்டது.)



1976ஆம் ஆண்டு ஆறாம் வகுப்பு மாணவியாக இந்த மண்டபத்துக்குள் முதன்முதல் வந்தேன். அன்று பேச்சுப் போட்டியில் இரண்டாவது வசனத்தோடு மறந்துபோய் அழுதுகொண்டு இறங்கியவள். இன்று என்னையே பேசக் கூப்பிட்டிருக்கிறார்கள். மறக்காமல் இருக்க எழுதிக்கொண்டு வந்திருக்கிறேன்.

சங்கத்தினர் எனக்குத் தந்த தலைப்பு "பெற்றோரும் பிள்ளைகளும்". அது ஒரு பெருங்கடல். அதில் ஒரு செம்பு தண்ணீர் மட்டும் எடுத்துக்கொள்கிறேன். தாய் தகப்பனுக்கும் பிள்ளைக்கும் கருத்து வேறுபடும் நேரத்தில், அந்தப் பிள்ளையின் குரல் எப்படிக் கேட்கப்படலாம் என்பதே அது. கணித ஆசிரியையாக இருந்து, பின்னர் 14 ஆண்டுகள் ஆலோசனை வழிகாட்டல் பொறுப்பாசிரியையாக இருந்து ஓய்வுபெற்றவள் நான். ஆனால் இந்த விடயத்தை நான் கற்றுக்கொண்டது பயிற்சி வகுப்பில் அல்ல. எங்கள் வீட்டு விறாந்தையில்.

1979ஆம் ஆண்டு. எனக்கு 14 வயது. நம் பாடசாலை வலைப்பந்தாட்ட அணிக்கு என்னைத் தெரிவுசெய்தார்கள். பின்னேரம் பயிற்சி. வீட்டில் வந்து சொன்னேன். "பயிற்சி" என்ற சொல் என் வாயிலிருந்து வந்ததுதான் தாமதம், அப்பா "தேவையில்லை" என்றார். நான் திரும்பத் தொடங்க, "நான் சொன்னால் சொன்னதுதான்" என்றார். விறாந்தையில் பாக்கு இடித்துக்கொண்டிருந்த அப்பம்மா, தலையை நிமிர்த்தாமல் சொன்னா: "தம்பி, அவள் சொல்லி முடிக்கட்டும். பிறகு நீ வேண்டாமெண்டு சொல்லு."

அப்பா கதிரையில் அமர்ந்தார். நான் முழுவதையும் சொன்னேன். எந்தெந்த நாள், எத்தனை மணி வரை, யார் யார் வருவார்கள், எனக்கு ஏன் அது அவ்வளவு விருப்பம் என்று எல்லாம். அப்பா கேட்டுவிட்டு, "கடைசி பஸ் போனால் என்ன செய்வாய்?" என்று கேட்டார். எனக்குப் பதில் தெரியவில்லை. "அதுதான் பிள்ளை எனக்குப் பயம். இல்ல விளையாட்டுப் போட்டிக்கு விளையாடு. அது பகலிலைதானே. அணிக்கு வேண்டாம்" என்றார்.

நான் தோற்றுவிட்டேன். அணியில் சேரவில்லை. ஆனால் இத்தனை ஆண்டுகளின் பின்னும் அந்த நாளை நினைத்தால் எனக்கு மனக்கசப்பு வருவதில்லை. அப்பா என்னை மறுத்தார், ஆனால் கேட்டு மறுத்தார். தன் பயத்தையும் எனக்குச் சொன்னார். கேட்கப்படுவது வேறு, நினைத்தது நடப்பது வேறு. இந்த வேறுபாட்டை அப்பம்மா எனக்கு அன்றே காட்டிவிட்டா. நான்தான் அதை நடுவில் மறந்துபோனேன்.

மறந்த கதையையும் சொல்ல வேண்டும்.

என் மகள் 1995ஆம் ஆண்டு பிறந்தவள். அந்த ஆண்டு ஒக்ரோபர் 30ஆம் திகதி இரவு வலிகாமத்திலிருந்து எல்லோரும் கிளம்பியபோது அவள் கைக்குழந்தை. மழைக்குள் அவளை நெஞ்சோடு அணைத்துக்கொண்டு, சனத்தோடு சனமாக நாவற்குழிப் பக்கம் நடந்தவர்களில் நானும் ஒருத்தி. இங்கே இருப்பவர்களில் பலர் அந்த வீதியில் நடந்தவர்கள். உங்களுக்கு நான் விளக்கத் தேவையில்லை.

அந்தக் காலம் நமக்கு ஒரு பழக்கத்தைத் தந்தது. "ஓடு" என்றால் பிள்ளை ஓட வேண்டும். "பங்கருக்குள் இறங்கு" என்றால் இறங்க வேண்டும். ஏன் என்று கேட்டுக்கொண்டு நிற்க நேரமில்லை. கேள்வி கேட்காத பிள்ளைதான் உயிரோடு இருக்கும் பிள்ளை என்று நாம் நம்பினோம். அந்த நேரத்துக்கு அது சரி. ஆனால் 2009இல் யுத்தம் முடிந்த பின்னும் அந்தக் குரலை நம்மில் பலர் கீழே வைக்கவில்லை. பாடத்தெரிவுக்கும் உடுப்புக்கும் நட்புக்கும் அதே அவசரக் குரலில்தான் கட்டளையிட்டோம். குண்டு விழாத வீட்டுக்குள்ளும் பிள்ளைகளைப் பங்கருக்குள்ளேயே வைத்திருந்தோம்.

மகள் 2011 டிசம்பரில் சாதாரண தரம் எழுதினாள். நல்ல பெறுபேறு. உயர்தரத்துக்கு உயிரியல் பிரிவு என்று நானும் அவளுடைய அப்பாவும் முடிவெடுத்தோம். ஒருநாள் சமையலறையில் அவள் வந்து, "அம்மா, நான் புவியியலும் நாடகமும் அரங்கியலும்..." என்று தொடங்கினாள். நான் தேங்காய் துருவிக்கொண்டிருந்தேன். "ஒன்பது ஏ எடுத்த பிள்ளை கதைக்கிற கதையே இது?" என்றேன். அவள் கொஞ்ச நேரம் நின்றாள். பிறகு "சரி அம்மா" என்று சொல்லிவிட்டுப் போனாள். எவ்வளவு சொல்வழி கேட்கிற பிள்ளை என்று நான் பெருமைப்பட்டேன். அதைக் கனடாவிலிருக்கும் தங்கச்சிக்கும் தொலைபேசியில் சொன்னேன்.

2014ஆம் ஆண்டு உயர்தரப் பரீட்சையில் அவளுக்கு மூன்று எஸ். அன்றிரவு அவள் சொன்னதை அப்படியே சொல்கிறேன்: "அம்மா, நான் அண்டைக்குச் சரி எண்டது ஒத்துக்கொண்டதாலை இல்லை. நீங்கள் கேக்கமாட்டீங்கள் எண்டு விளங்கினதாலை."

அந்த நேரம் நான் பாடசாலையில் மற்றவர்களின் பிள்ளைகளுக்கு ஆலோசனை சொல்லிக்கொண்டிருந்தேன். என் மேசைக்கு முன்னால் வந்து இருந்த பிள்ளைகளுக்கெல்லாம் நேரம் கொடுத்தேன். என் பிள்ளைக்கு ஒரு வசனம் முடிக்கும் நேரம் கொடுக்கவில்லை.

அன்றிரவு முதன்முறையாக நான் இடையில் பேசாமல் இருந்தேன். உயிரியல் தனக்கு வெறுப்பில்லை என்றாள். பௌதிகவியல் வகுப்பில் முதல் தவணையிலேயே பின்தங்கிவிட்டதாகவும், அதைச் சொன்னால் "இன்னொரு ரியூசனுக்குப் போ" என்பேன் என்று பயந்து சொல்லாமல் விட்டதாகவும் சொன்னாள். இரண்டு ஆண்டுகள் ஒரே வீட்டில், ஒரே மேசையில் சாப்பிட்டிருக்கிறோம். எனக்கு ஒன்றும் தெரியாது.

பிறகு அவள் கலைப்பிரிவில் பரீட்சை எழுதினாள். இன்று புவியியல் கற்பிக்கிறாள். அவள் விருப்பப்படி விட்டிருந்தால் எல்லாம் வெற்றியாகியிருக்கும் என்று சொல்ல இதைச் சொல்லவில்லை. அவள் தெரிவும் பிழைத்திருக்கலாம். அன்று சமையலறையில் நான் கேட்டிருந்தால், உயிரியலே படித்திருந்தாலும் பின்தங்கிய முதல் தவணையிலேயே என்னிடம் வந்திருப்பாள். அந்த இரண்டு ஆண்டுகளை நான் திருப்பிக் கொடுக்க முடியாது. இதை இங்கே சொல்லலாமா என்று அவளிடம் கேட்டேன். "சொல்லுங்கோ அம்மா, ஆனால் முழுசாச் சொல்லுங்கோ" என்றாள்.

இன்னொரு பிள்ளையின் கதையும் உண்டு. ஆளை அடையாளம் காண முடியாதபடி சில விபரங்களை மாற்றிச் சொல்கிறேன். பத்தாம் வகுப்புப் பிள்ளை. திடீரென்று பின்னேர வகுப்புக்குப் போகமாட்டேன் என்றாள். வீட்டில் சோம்பல் என்று ஏசினார்கள், தொலைபேசியைப் பறித்தார்கள், ஒருநாள் அடியும் விழுந்தது. என்னிடம் அனுப்பப்பட்டபோதும் அவள் வாய் திறக்கவில்லை. ஒரு தாளும் பேனையும் கொடுத்துவிட்டு நான் ஜன்னல் பக்கம் திரும்பி இருந்தேன். நாலு வரி எழுதினாள். வகுப்புக்குப் போகும் ஒழுங்கையில் ஒரு ஆள் சைக்கிளில் பின்தொடர்ந்து வருகிறான், தொட்டுவிட்டான், வீட்டில் சொன்னால் படிப்பையே நிறுத்திவிடுவார்கள் என்பதுதான் அந்த நாலு வரி.

பெற்றோர் நல்லவர்கள். விடயம் தெரிந்ததும் தகப்பன் அழுதார். செய்ய வேண்டியதைச் செய்தோம். ஆனால் யோசித்துப் பாருங்கள். "ஏன் போகமாட்டாய்?" என்று அந்த வீட்டில் பல தடவை கேட்டிருக்கிறார்கள். அது கேள்வியாக வரவில்லை, குற்றச்சாட்டாக வந்தது. "போகமாட்டேன்" என்பது ஒரு பிள்ளையின் வசனத்தின் முதல் பாதி மட்டுமே. மறுபாதியில் என்ன இருக்கிறது என்பது, முடிக்க விட்டால்தான் தெரியும்.

ஐக்கிய நாடுகள் சபை 1989 நவம்பர் 20ஆம் திகதி ஏற்றுக்கொண்ட சிறுவர் உரிமைகள் சமவாயத்தை நமது நாடு 1991ஆம் ஆண்டு ஏற்று உறுதிப்படுத்தியது. அதன் 12ஆவது உறுப்புரை இந்த விடயத்தைத்தான் பேசுகிறது. தன்னைப் பாதிக்கும் விடயங்களில் தன் கருத்தைச் சொல்லும் உரிமை பிள்ளைக்கு உண்டு, அக்கருத்துக்கு அதன் வயதுக்கும் முதிர்ச்சிக்கும் ஏற்ற கனம் கொடுக்கப்பட வேண்டும் என்பது அதன் சாரம். பிள்ளை சொல்வதே முடிவு என்று அது எங்கும் சொல்லவில்லை. எங்கள் அப்பம்மா சமவாயம் ஒன்றையும் வாசித்தவ அல்ல. ஆனால் அவ சொன்னதும் இதுதான்.

இனி, பின்வரிசையில் இருக்கும் பிள்ளைகளோடு கொஞ்சம் கதைக்கிறேன். பெரியவர்கள் கேட்க வேண்டும் என்று நான் சொல்லிவிட்டுப் போகலாம். நாளைக்குக் காலையே அவர்கள் மாறிவிட மாட்டார்கள். உங்கள் பக்கத்திலிருந்து செய்யக்கூடியவை சில உண்டு.

முதலாவது, நேரம் பாருங்கள். வேலையால் வந்து சேட்டைக் கழற்றாத அப்பாவிடமும், அடுப்படியில் நிற்கும் அம்மாவிடமும், விருந்தினர் முன்னாலும் பெரிய விடயத்தைத் தொடங்காதீர்கள். "அம்மா, உங்களோடை ஒரு விசயம் கதைக்க வேணும். எப்ப கதைக்கலாம்?" என்று கேளுங்கள். அவரே நேரத்தைச் சொல்லிவிட்டால், அந்த நேரத்தில் கேட்கவும் ஆயத்தமாக இருப்பார்.

இரண்டாவது, ஒரு நேரத்தில் ஒரு விடயம். "நீங்கள் எப்பவும் இப்படித்தான்", "தம்பியை எண்டால் விடுவீங்கள்" என்று தொடங்கினால் கதை தம்பியிடம் போய்விடும். உங்கள் விடயம் அங்கேயே நின்றுவிடும்.

மூன்றாவது, பெற்றோரின் பயத்தை நீங்களே முதலில் சொல்லுங்கள். "இருட்டுப்படும் எண்டு யோசிப்பீங்கள். அதுக்கு நான் இப்படி யோசிச்சிருக்கிறன்." 14 வயதில் கடைசி பஸ்ஸைப் பற்றி நான் யோசித்து வைத்திருந்தால், ஒருவேளை அணியில் விளையாடியிருப்பேன்.

நான்காவது, வாய் வராவிட்டால் எழுதுங்கள். கடிதத்தை யாரும் இடைமறிக்க முடியாது. எழுதிய அன்றே கொடுக்காமல், மறுநாள் ஒருமுறை வாசித்துவிட்டு, ஏச்சு இருந்தால் வெட்டிவிட்டுக் கொடுங்கள்.

ஐந்தாவது, நம் குடும்பங்களில் எப்போதும் ஒரு நடு ஆள் உண்டு. அம்மம்மா, சித்தி, மாமி, பெரியப்பா என்று யாராவது. நம் ஆட்கள் கலியாணம் பேசுவதும் காணிப் பிணக்குத் தீர்ப்பதும் நடு ஆளை வைத்துத்தானே. உங்களுக்காக வாதாடச் சொல்லாதீர்கள். "நான் சொல்லி முடிக்கும் வரை பக்கத்தில் இருங்கோ" என்று மட்டும் கேளுங்கள்.

ஆறாவது, "இல்லை" என்று பதில் வந்தால் கதவை அடித்துச் சாத்தாதீர்கள். "ஏன் எண்டு சொல்லுங்கோ. திரும்ப எப்ப கேக்கலாம்?" என்று கேளுங்கள். இன்றைய "இல்லை" அடுத்த தவணையும் "இல்லை"யாக இருக்க வேண்டியதில்லை.

ஆனால் ஒன்று. யாராவது உங்களைத் தொந்தரவு செய்தால், தொட்டால், அடித்தால், அது கருத்து வேறுபாடு அல்ல. அதற்கு நல்ல நேரம் பார்க்கத் தேவையில்லை. நம்பிக்கையான ஒரு பெரியவரிடம் உடனே சொல்லுங்கள். அவர் கேட்காவிட்டால் இன்னொருவரிடம் சொல்லுங்கள். தேசிய சிறுவர் பாதுகாப்பு அதிகாரசபையின் 1929 என்ற இலக்கத்தை எல்லோரும் மனத்தில் வைத்திருங்கள்.

இப்போது தாய்மாரான, சிலர் அம்மம்மாவாகவும் ஆகிவிட்ட என் தோழியருக்கு.

பிள்ளை பேசும்போது பதிலை ஆயத்தப்படுத்தாதீர்கள். முடித்த பின், "நீ சொல்லுறது இதுதானே?" என்று உங்கள் வாயால் திருப்பிச் சொல்லுங்கள். "இல்லை அம்மா, அதில்லை" என்று பிள்ளை திருத்தினால் கோபிக்காதீர்கள். அந்தத் திருத்தத்தில்தான் பெரும்பாலும் உண்மை இருக்கும். "ஏன்?" என்பதைவிட "அதிலை உனக்கு எது கஷ்டமாக் கிடக்கு?" என்று கேட்டுப் பாருங்கள். மறுக்க வேண்டியதை மறுங்கள், ஆனால் காரணத்தோடு மறுங்கள். "காசில்லை" என்பதும் ஒரு காரணம்தான். அதைச் சொல்ல வெட்கப்பட்டு "உனக்கு அது சரிவராது" என்று சொல்லிவிடுகிறோம். காசில்லை என்றால் பிள்ளைக்கு விளங்கும். சரிவராது என்ற சொல்லை அது வாழ்நாள் முழுவதும் சுமக்கும்.

உங்களுக்குள் பிணக்கு வரும்போது பிள்ளையைத் தபால்காரர் ஆக்காதீர்கள். அம்மாவிடம் கேட்டால் "அப்பாட்டைக் கேள்", அப்பாவிடம் கேட்டால் "கொம்மாட்டைக் கேள்". அந்தப் பிள்ளை கடைசியில் ஒருவரிடமும் கேட்காது.

பிள்ளை உங்களிடம் சொன்னதை அன்றிரவே வட்ஸ்அப்பில் குடும்பம் முழுவதற்கும் அனுப்பாதீர்கள். ஒருமுறை அப்படி நடந்தால், அடுத்தமுறை உங்களுக்கும் சொல்லமாட்டாள்.

ரொறன்ரோ, லண்டன், மெல்பேர்ண் என்று பரந்திருக்கும் தோழியருக்குத் தனியாக ஒன்று. அங்கே கருத்து வேறுபாடு இரண்டு மொழியில் நடக்கிறது என்று நீங்களே எனக்குச் சொல்லியிருக்கிறீர்கள். பிள்ளை ஆங்கிலத்தில் தொடங்கும், நாம் தமிழில் ஏசுவோம். ஆங்கிலத்தில் "நீ"க்கும் "நீங்கள்"க்கும் ஒரே சொல். நம் காதுக்கு அது மரியாதையில்லாமல் விழுகிறது. பிள்ளையின் மனத்தில் அது இல்லை. தமிழில் சொல்லாவிட்டால் கேட்கமாட்டேன் என்று அந்த நேரத்தில் நிற்க வேண்டாம். மனத்தில் உள்ளது எந்த மொழியில் வருகிறதோ அந்த மொழியில் வரட்டும். தமிழை நாளைக்குச் சொல்லிக்கொடுக்கலாம். கேட்கப்பட்ட பிள்ளை நம் மொழியிடமும் திரும்பி வரும்.

கடைசியாக, எனக்குக் கஷ்டமாக இருந்த விடயம். பிழை நம்முடையது என்றால் பிள்ளையிடம் மன்னிப்புக் கேளுங்கள். நாங்கள் அப்படி வளர்க்கப்படவில்லை. 2014இல் அந்த இரவு முடிந்து விடிந்த பின், தேத்தண்ணியைக் கொண்டுபோய் மகளின் மேசையில் வைத்துவிட்டு, "அண்டைக்கு உன்னைச் சொல்லி முடிக்க விட்டிருக்க வேணும்" என்று சொன்னேன். அவள் ஒன்றும் சொல்லவில்லை. தேத்தண்ணியைக் குடித்தாள். அதன்பின் அவள் என்னிடம் மறைத்தது குறைவு என்றே நினைக்கிறேன்.

100 ஆண்டுகளுக்கு முன்னர், பெண்பிள்ளைக்குப் படிப்பு எதற்கு என்று கேட்ட வீடுகளே நம் ஊர்களில் அதிகம். அந்த வீடுகளில் ஏதோ ஒரு பிள்ளை வாய் திறந்து கேட்டிருக்க வேண்டும். யாரோ ஒரு பெரியவர், "அவள் சொல்லி முடிக்கட்டும்" என்று சொல்லியிருக்க வேண்டும். அப்படி வந்த பிள்ளைகளால்தான் இந்த வகுப்பறைகள் நிறைந்தன என்று நான் நம்புகிறேன்.

இன்று வீட்டுக்குப் போனதும், அல்லது பயணம் முடிந்து உங்கள் உங்கள் நாட்டுக்குத் திரும்பியதும், உங்கள் பிள்ளை எப்போதோ பாதியில் நிறுத்திய ஒரு வசனத்தை ஞாபகப்படுத்திப் பாருங்கள். "அண்டைக்கு என்னவோ சொல்ல வந்தாய், என்ன அது?" என்று கேளுங்கள். பிறகு பேசாமல் இருங்கள்.

என்னைச் சொல்லி முடிக்க விட்ட உங்கள் எல்லோருக்கும் நன்றி.